அத்தை நாற்காலியில் உட்கார்ந்தால்

அத்தையிடம் சொல்லப் பயப்படுகிற சங்கதி எதுவானாலும், அந்த வீட்டில் குளிர்கால விடுமுறை வரைக்கும் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். விடுமுறைக்கு அத்தை கேக் சுடுவாள். கேக் வேகிற நேரம் முழுக்க அவளால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. எழுந்தால் கேக் போச்சு. எழுந்து வந்து அடிக்க முடியாத ஆளிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் இல்லையா? அந்த வீட்டில் எல்லோரும் விவரமானவர்கள்தான்.

அத்தை என்றால் தம்பி மகளுக்கு அத்தை. அந்தப் பெண் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் தெருவுக்கெல்லாம் அத்தையாகிவிட்டாள். தபால்காரர் அவளைவிட மூத்தவர், தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது, அவரும் வாசலில் நின்று “அத்தே!” என்றுதான் குரல் கொடுப்பார். பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கிற கடையில் அவளுக்கு வேலை. அதிலும் காலர் மட்டும்தான் தைப்பாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் தைத்த காலரைக் கடித்துக்கொண்டுதான் பரீட்சை எழுதித் தேறின. கண் கொஞ்சம் மங்கிய பிறகு கடைக்குப் போவதை விட்டுவிட்டு, வீட்டிலேயே மிஷினைப் போட்டுக்கொண்டு பொத்தான் கட்டுவது, ஓரம் மடிப்பது என்று எதையாவது செய்துகொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்தால் கை ஊறும் என்பாள்.

தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டார்கள். தம்பியை இவள்தான் காலர் தைத்துப் படிக்கவைத்தாள். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக் ஆனான். இதையெல்லாம் அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் சொல்லிக்காட்டுவாள். தம்பி குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னால் போதும், காலரில் ஆரம்பித்து விடுவாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “அளவெல்லாம் எடுத்தாங்க, எனக்குத்தான் சரியா வரல” என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பாள். கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பார்.

நாற்காலிக் கதையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

மூடிவிட்ட ஒரு ரொட்டிக் கடையிலிருந்து தம்பி பழைய ஓவன் ஒன்றை வாங்கிவந்தான். இரும்பு, அலமாரி மாதிரி கனம். கதவு மேலிருந்து கீழே திறக்கிற ரகம். ஒரு ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடித்திருக்கும். ஒரு குளிர்காலம், அத்தை கேக்கை உள்ளே வைத்து மூடினாள், கதவு தொப்பென்று வாயைப் பிளந்தது. பார்த்தால் ஸ்பிரிங்கைக் காணோம். கயிறு கட்டிப் பார்த்தாள், கயிறு பொசுங்கியது. செங்கல்லை முட்டுக் கொடுத்தாள், நகர்ந்தது. கடைசியில் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து, அதன் முதுகைக் கதவோடு அண்டக் கொடுத்து, தானே ஏறி உட்கார்ந்தாள். அத்தைக்கு உடம்பு கொஞ்சம் தாராளம். கதவு கப்சிப்.

அவள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தம்பி அடுக்களைக்குள் வந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் இருக்கிற ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். கவுண்டர் பெண்ணா, எந்தக் கவுண்டர், எத்தனை நாளாக, எனக்குத் தெரியாமலா என்று அத்தை கத்தியது தெருமுனை வரை கேட்டது. கையிலிருந்த கரண்டியை விட்டெறிந்தாள். அது அவன் மேல் படவில்லை. எழுந்து போய் எடுத்து இன்னொரு தரம் எறியலாம் என்றால், கேக் இருக்கிறது. முட்டையும் வெண்ணெயும் சும்மா வருகிறதா? கத்திக் கத்தித் தொண்டை காய்ந்தபோது கேக் வெந்துவிட்டது. கேக்கை வெளியே எடுத்து மூக்கருகே பிடித்துப் பார்த்தபோது கோபம் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. “சரி, இதுல பாதியை அந்தப் பொண்ணு வீட்டுல கொண்டு போய்க் குடு” என்றாள்.

அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டமாகிவிட்டது. நாற்காலியில் இருக்கும்போது அத்தையிடம் எதையும் சொல்லலாம். அவள் எதையும் திட்டலாம். ஆனால் கேக் வெளியே வந்தால் பேச்சும் முடிந்தது. அப்புறம் வருஷம் முழுக்க அதை எடுக்கக் கூடாது.

அந்தக் கவுண்டர் பெண் தம்பி மனைவியாக வந்த முதல் குளிர்காலம், கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்துப் பழைய துணிக்குள் ஒளித்துவைத்ததை நாற்காலிக்கு முன்னால் நின்று ஒப்புக்கொண்டாள். அவளுக்குப் பிறந்த ஒரே மகள், கணக்கில் தோற்றதை அங்கேதான் சொன்னாள். வளர்ந்து நர்ஸ் வேலைக்கு வெளியூர் போனவள், அங்கே ஒருவனைப் பார்த்துவைத்திருக்கிறேன் என்றதும் அங்கேதான். அதற்கு அத்தை அவ்வளவாகக் கத்தவில்லை. “உங்கப்பன் காட்டின வழி, நீ மட்டும் வேற எப்படி இருப்ப” என்று பெருமூச்சு விட்டதோடு சரி. எதிர்வீட்டு வாத்தியார்கூட ஒருமுறை குல்லாவைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, மாடியில் காய்ந்த அத்தையின் ஸ்வெட்டரைக் கிழித்தது தன் வீட்டு நாய்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் பஸ்ஸையெல்லாம் ரிப்பேர் பண்ணுகிறவன் வீட்டு ஓவன் கதவுக்கு ஒரு ஸ்பிரிங் போடமாட்டானா என்று நீங்கள் கேட்கலாம். அத்தையும் கேட்டாள். “ஸ்பேர் கிடைக்கல அக்கா” என்பான் தம்பி. வருஷா வருஷம் இதே பதில். அத்தையும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பழைய சீருடைத் துண்டுகளில் பஞ்சு வைத்து, முதுகில் சூடு படாமலிருக்க நீல நிறத்தில் ஒரு மெத்தை தைத்து நாற்காலிக்குக் கட்டினாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அந்த நாற்காலி பிடித்துப்போயிருந்தது. ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்து, வருகிறவர்களை முறைக்கிற சுகம் யாருக்குக் கசக்கும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில், தம்பி டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் வந்தது.

குளிர் தொடங்குகிற சமயம் இரண்டு பேர் டேப்போடு வீட்டுக்கு வந்தார்கள். வாசல், கொல்லை, படுக்கையறை என்று அளந்தார்கள். “தண்ணி ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க” என்றான் தம்பி, எங்கோ பார்த்துக்கொண்டு. அத்தை அவர்கள் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவளிடம் டேப்பை வைத்துக் கதை விடுகிறான். தண்ணீர் ஆபீஸ்காரன் படுக்கையறை சன்னலை எதற்கு அளக்கிறான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்றால் இதுதான்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மனைவி கொல்லையில் நின்று மகளோடு போனில் பேசினாள். அத்தை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நடுவில் ஒரு போர்வை தொங்கியது. “குழந்தை பிறந்து நீ வேலைக்குப் போறதுக்குள்ள நாங்க வந்துடறோம்டி. வீட்டுக்கு ஆள் பாத்தாச்சு. ரெண்டு ரூமுதானே, ஒண்ணுல நீங்க, ஒண்ணுல நாங்க…” அவ்வளவுதான் கேட்டது. அதற்குள் அவள் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

அத்தை கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். அதில் பிழிய ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒன்றில் அவர்கள், ஒன்றில் இவர்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது, அவளைச் சேர்க்காவிட்டால். இந்த வயதில் தன்னை எங்கே கொண்டுபோய் வைக்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவேண்டும். அதைவிட முக்கியம், தம்பி அதைத் தன் வாயால் சொல்லவேண்டும். இவளாகப் போய்க் கேட்கமாட்டாள். கேட்டால் பிச்சை கேட்டதாகிவிடும். அவனாகச் சொன்னால் அது வேறு.

சொல்வான் என்றுதான் நினைத்தாள். விடுமுறை வருகிறது, கேக் சுடுவோம், நாற்காலியில் உட்காருவோம், வந்து நிற்பான், சுவரைப் பார்ப்பான், சொல்வான். என்றைக்குத்தான் வேறு மாதிரி சொன்னான்?

அப்போதுதான் புது ஓவன் வந்து இறங்கியது.

மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து வாங்கி அனுப்பியது. விடுமுறைக்கு நேரில் வருவதற்கு முன்பே வண்டியில் வந்துவிட்டது. பளபளவென்று, கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, நேரம் வைத்தால் டிங் என்று மணி. மணி மட்டும்தான் அடிக்கும், சூட்டை நாமேதான் திருகி அணைக்க வேண்டும் என்று கொண்டுவந்த ஆள் சொல்லிக்கொடுத்தான். போகும்போது பழைய இரும்பு ஓவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். புதுக் கதவு பூ மாதிரி மூடியது. ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தம்பி மனைவி நாற்காலியைத் தூக்கிக் கொல்லைப்புறம் போட்டாள். அதில் ஈரத் துண்டு காய்ந்தது.

முதலில் பிஸ்கட் போட்டுப் பார்த்தார்கள். அருமையாக வந்தது. எல்லாப் பக்கமும் ஒரே நிறம். பழைய ஓவனில் இடது ஓரம் எப்போதும் கருகும், அந்தக் கருகல் பிஸ்கட்டை அத்தையே தின்பாள். இப்போது தின்பதற்கு அதுவும் இல்லை. பிஸ்கட் வேகிறவரை என்ன செய்வதென்று தெரியாமல் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தாள்.

தம்பி வந்தான். அடுக்களை வாசலில் நின்றான். வாயைத் திறந்தான். எதிரே அத்தை நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கால்களில், எங்கே வேண்டுமானாலும் நடந்து வரக்கூடிய நிலையில். அவன் வாயை மூடிக்கொண்டு குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போனான். மறுநாள் ரொட்டி சுட்டபோதும் வந்தான், தண்ணீர் குடித்தான், போனான். அதற்கு மறுநாளும் அப்படியே.

“உன் புருஷனுக்கு என்ன, நாக்கு வறண்டு கிடக்கா?” என்று அத்தை தம்பி மனைவியைக் கேட்டாள்.

“குளிர்காலம்ல அக்கா, தோல் வறளும்” என்றாள் அவள் தலையைக் குனிந்தபடி. தோல் வறண்டதற்குத் தண்ணீர் குடிக்கிறானாம். புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டி.

இந்தப் பையன் தண்ணீர் குடித்தே குளிர்காலத்தை ஓட்டிவிடுவான் என்று அத்தைக்குப் பட்டது. அப்புறம் ஒருநாள் லாரி வந்து வாசலில் நிற்கும், சாமான் ஏறும், அப்போதும் அவன் ஒரு டம்ளரோடு நிற்பான்.

மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துவரத் தம்பியும் மனைவியும் பஸ் நிலையத்துக்குப் போன மத்தியானம், வீட்டில் அத்தை தனியாக இருந்தாள். தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். ஓவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கதவு கீழே இணைகிற இடத்தைத் தடவிப் பார்த்து, ஒரு திருகாணியைக் கழற்றினாள். கதவு அசைந்தது, விழவில்லை. இன்னொன்றையும் கழற்றினாள். தொப்பென்று திறந்துகொண்டது. பழைய சத்தம். அத்தைக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தந்தது, இப்படிக் கை வைத்துவிட்டோமே என்று கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு திருகாணி இரண்டையும் பொத்தான் டப்பாவில் போட்டு மூடி, முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே அடுக்களை நிறைந்துவிட்டது. சன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஊறிய திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் பெரிய பாத்திரத்தில் இருந்தன. தம்பி மனைவி சீனியைக் கருக்கிப் பாகாக்கினாள். மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து முட்டை உடைத்தாள். அத்தை வெண்ணெயையும் சீனியையும் கையாலேயே அடித்தாள். மிஷின் அடித்தால் எப்போது நிறுத்துவதென்று அதற்குத் தெரியாது என்பது அவள் கட்சி. பட்டையையும் ஜாதிக்காயையும் தட்டிப் போட்டுக் கலந்து, தட்டில் ஊற்றி, ஓவனைத் திறந்து உள்ளே வைத்தாள். மூடினாள். கதவு விழுந்தது.

“ஐயோ, புது ஓவன்!” என்றாள் மகள். “இப்பவே கம்பெனிக்குப் போன் பண்றேன்.”

“விடுமுறை நாள்ல எவன் வருவான்?” என்றாள் அத்தை.

“நான் பாக்கட்டுமா பெரியத்தை?” என்று மாப்பிள்ளை கூடத்திலிருந்து எட்டிப்பார்த்தான். அவனுக்கு மாமியார் ஒரு அத்தை, இவள் பெரிய அத்தை. நல்ல பையன், கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதுகிறவன், ஆணியடித்தால் கட்டைவிரலில் அடித்துக்கொள்கிறவன்.

“நீங்க உக்காருங்க மாப்பிள்ளை. வீட்டுல ஒரு மெக்கானிக் இருக்கான்ல” என்று அத்தை சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. மெக்கானிக் வந்து பார்த்தால் தெரிந்துவிடுமே!

தம்பி வந்தான். குனிந்தான். கதவைத் தூக்கி, இணைப்பைப் பார்த்தான். திருகாணி இருந்த ஓட்டையில் விரலை வைத்துத் தடவினான். அவன் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“தேய்மானம்” என்றான்.

வாங்கி வந்து அட்டைப்பெட்டிகூட இன்னும் தூக்கிப் போடாத ஓவனுக்குத் தேய்மானம்! அப்பா கைபட்ட பஸ்களில் இத்தனை காலம் மனுஷர்கள் எப்படி உயிரோடு போய்வந்தார்கள் என்று மகள் முணுமுணுத்தாள். தம்பி கொல்லைப்புறம் போனான். ஈரத் துண்டை எடுத்துவிட்டு, நாற்காலியைத் துடைத்து, தூக்கிக்கொண்டு வந்து கதவோடு அண்டக் கொடுத்தான். நீல மெத்தையைத் தட்டிச் சரிசெய்தான்.

“உக்காரு அக்கா” என்றான்.

அத்தை உட்கார்ந்தாள்.

முதலில் மகள் வந்தாள். போன வருஷம் அத்தை பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டாளாம், சுருங்கிவிட்டதாம். “அளவு சின்னதாப் போச்சா? பொறக்கப்போற பிள்ளைக்குப் போடு” என்றாள் அத்தை. திட்டு கிடைக்கும் என்று வந்தவள் ஏமாற்றத்தோடு போனாள். அப்புறம் தம்பி மனைவி வந்து, காலியான பாகுச் சட்டியை வெகுநேரம் தேய்த்தாள். “அவரு வருவாரு அக்கா” என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

வந்தான். வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். முட்டிவலியைப் பற்றிச் சொன்னான். டிப்போவில் புது மானேஜர் வந்திருப்பதைப் பற்றிச் சொன்னான். இந்த வருஷம் பனி ஜாஸ்தி என்றான். அத்தை ‘உம்’ கொட்டினாள். பனி போன வருஷமும் ஜாஸ்தி என்றான். சுற்றிச் சுற்றி வந்தான், வீட்டுப் பேச்சுக்கு மட்டும் வரவில்லை. கேக் மணம் அடுக்களை முழுக்க ஏறிவிட்டது. அவளுக்கு மணத்திலேயே தெரியும், முக்கால் வேக்காடு தாண்டிவிட்டது.

டிங்.

தம்பி பெருமூச்சு விட்டான். தப்பித்த பெருமூச்சு. வாளியிலிருந்து பாதி எழுந்தான். “ஆயிடுச்சு அக்கா.”

அத்தை எழுந்திருக்கவில்லை.

“மணி அடிச்சா ஆயிடுச்சா? அதுக்கு என்ன தெரியும்? இன்னும் வேகல. உக்காரு.”

உட்கார்ந்தான். ரேடியோவைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான், பாதியில் நின்றுவிட்டது. மணம் மாறியது. சீனி தீய்கிற வாடை முதலில் மெல்ல வந்தது, பிறகு நன்றாகவே வந்தது. இத்தனை வருஷத்தில் அத்தை கேக்கைக் கருகவிட்டதே கிடையாது. ஸ்பிரிங் இல்லாத கதவை வைத்துக்கொண்டே கருகவிடாதவள். அவள் முதுகில் மெத்தையைத் தாண்டிச் சூடு ஏறியது. கண் கலங்கியது, அது புகையாலும் இருக்கலாம்.

“அத்தே! ஏதோ கருகுது!” என்று கூடத்திலிருந்து மகள் கத்தினாள்.

“யாரும் உள்ள வராதீங்க!” என்று அத்தை போட்ட சத்தத்தில் கூடம் அடங்கிவிட்டது.

“அக்கா, கேக் கருகுது.”

“தெரியுது. எனக்கு மூக்கு இருக்கு. நீ சொல்லு.”

“என்ன சொல்ல?”

“தண்ணி ஆபீஸ்காரன் என்ன சொன்னான்னு சொல்லு.”

அவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்தான். அப்புறம் சொன்னான். சுவரைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வீட்டை விற்றாகிவிட்டது. பனி விட்டதும் காலி செய்ய வேண்டும். மகளுக்குப் பிள்ளை பிறந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதனால் அங்கே போகிறார்கள். அங்கே இரண்டு ரூம்தான்.

“அது எனக்குத் தெரியும். நான் எங்க?”

“அது மாப்பிள்ளை வீடு அக்கா. நானே அங்க போய் உக்காரப்போறேன், எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி இருக்கு. இதுல என் அக்காவையும் கூட்டிட்டு வர்றேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது? அதனால…”

“அதனால?”

“உன் தையல்கடைக்கு மேல மாடில ஒரு ரூம் காலியா இருக்கு. பேசி வெச்சிருக்கேன்.”

கரண்டி அத்தையின் மடியில்தான் இருந்தது, எறியவில்லை. அந்த மாடி ரூமை அவளுக்குத் தெரியும். துணி மூட்டை அடுக்குகிற ரூம். ஒரே ஒரு சன்னல், அதுவும் சுவரைப் பார்த்து. காலர் தைத்து வளர்த்தவளைக் காலர் மூட்டைக்கு நடுவில் கொண்டுபோய் வைக்க இவன் பேசி முடித்திருக்கிறான். பேசியதுகூடப் பரவாயில்லை, அவளைக் கேட்காமல் பேசியிருக்கிறான். அவளுக்கு வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது. கேக்கைப் பார்த்துப் பார்த்து எல்லாக் கோபத்தையும் உட்கார்ந்தே அடக்கியவள். இப்போது எந்தக் கேக்குக்காக அடக்க? தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன.

எழுந்தாள்.

கதவு தொப்பென்று விழுந்தது. கரும்புகை குபுகுபுவென்று வந்தது. தம்பி பயந்துபோய் வாளியோடு பின்னால் நகர்ந்தான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கூடத்துக்குப் போனாள். கண்ணெல்லாம் நீர், முன்நெற்றியில் மாவு. மாப்பிள்ளை பதறி எழுந்து நின்றான்.

“மாப்பிள்ளை, சுத்தி வளைக்கத் தெரியாது எனக்கு. நேரா கேக்கறேன், நேரா சொல்லுங்க. உங்க வீட்டுல ரெண்டு ரூம். அதுல எனக்கு இடம் உண்டா, இல்லையா?”

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கேள்வியே புரியவில்லை.

“ரூம்ல இடம் இல்ல பெரியத்தை” என்றான் அவன் தயங்கித் தயங்கி. “ஹால்லதான். கண்ணாடிக் கடைல சொல்லி நடுவுல ஒரு தடுப்புப் போடச் சொல்லியிருக்கேன். உங்க மிஷினைச் சன்னல்கிட்டப் போடலாமா, வெளிச்சம் போதுமான்னு தெரியல, வந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க. ஏன், மாமா சொல்லலையா?”

“அந்த ஓவனே அங்க கிச்சன் அளவுக்குத்தானே அத்தே எடுத்தோம்” என்றாள் மகள். “இங்கேர்ந்து அதையும் கொண்டு போயிடலாம்னு. நீ வராம அது எங்களுக்கு எதுக்கு? எங்களுக்கு யாருக்குக் கேக் போடத் தெரியும்?”

அத்தை அப்படியே சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டாள். இவர்கள் கேட்காமலே சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூடப் பிறந்தவன் கேட்காமலே கழித்துவிட்டிருக்கிறான். அழுகை வந்தது. யாரிடமும் மறைக்காமல் முந்தானையில் மூக்கைச் சிந்தி நன்றாக அழுதாள். தம்பி மனைவி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள். “நான் சொன்னேன் அக்கா, மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். அந்த மனுஷன் எங்க கேட்டாரு?”

தம்பி அடுக்களையில் தனியாக நின்று சன்னலைத் திறந்து புகையை வெளியேற்றிக்கொண்டிருந்தான். கேக்கைத் தட்டோடு எடுத்து மேடைமேல் வைத்தான். கரிக்கட்டை. கத்தி வைத்துப் பார்த்தான், இறங்கவில்லை. அந்த வருஷம் விடுமுறைக்கு அந்த வீட்டில் கடை ரொட்டியும் ஜாமும்தான். எதிர்வீட்டு வாத்தியார் கேக் வாங்கிப் போக வந்து, வாடையை முகர்ந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

சாயங்காலம் தம்பி வந்து பக்கத்தில் நின்றான். “அக்கா, அந்த ஸ்க்ரூ ரெண்டும் எங்க?”

அத்தை பொத்தான் டப்பாவை நீட்டினாள். “தேய்மானம்னு சொன்ன?”

“வேற என்ன சொல்ல?”

“அப்போ பழைய ஓவன் ஸ்பிரிங்? அதுவும் தேய்மானம்தானா?”

தம்பி டப்பாவுக்குள் விரலை விட்டுக் கிளறினான். வெகுநேரம் கிளறினான். “அது டிப்போவுல என் டூல்ஸ் பெட்டிலதான் இருந்துச்சு” என்றான். “கவுண்டர் பொண்ணைப் பத்தி உன்கிட்ட வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அத்தை அவன் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வைத்தாள். அவன் தடவிக்கொண்டே டப்பாவை மூடி அவளிடமே கொடுத்தான். “இது இங்கயே இருக்கட்டும். கதவு அப்படியே இருக்கட்டும்” என்றான்.

இப்போது அவர்கள் அந்த இரண்டு ரூம் வீட்டில்தான் இருக்கிறார்கள். கூடத்தில் தடுப்புக்குப் பின்னால் அத்தையின் கட்டில், சன்னலை ஒட்டி மிஷின். ஓவன் அடுக்களையில், மகள் சொன்ன அதே இடத்தில். கதவுக்கு இன்னும் திருகாணி போடவில்லை. விடுமுறை வந்தால் நீல மெத்தை நாற்காலி வந்துவிடும், பேத்தி தத்தித் தத்தி நடந்து வந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அத்தை உட்காருவாள்.

கேக் வெளியே வந்தால் பேச்சு முடிந்தது என்பதுதானே சட்டம்? அந்த வருஷம் கேக் வெளியே வரவில்லை, கரிதான் வந்தது. அதனால் அந்தப் பேச்சும் முடியவில்லை என்பது அத்தையின் கட்சி. அதை யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வாசல் பக்கம் பார்த்து மெதுவாகத்தான் கேட்பாள்.

“ஏன்டா, அந்த மாடி ரூமுக்குக் காத்து வருமா?”

தம்பி எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான்.